இத்தா நாட்களில் ஒரு தேர்வு

பிப்ரவரி 6, புதன்

இந்த நோட்டு வகுப்புக்காக வாங்கியது. முன்பக்கங்களில் பிரெஞ்சுப் புரட்சிக்கான காரணங்களை எழுதியிருக்கிறேன். பின்னால் நிறைய வெற்றுப் பக்கங்கள் இருக்கின்றன. வீணாகப் போகவேண்டாம் என்று எழுதுகிறேன். வேறு காரணம் இல்லை.

என் வீட்டுக்காரர் மௌத்தாகி இன்று பதினோராவது நாள். வந்திருந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். அவருடைய அக்கா ஜமீலா மதினி மட்டும் இருக்கிறார். என் இத்தா முடியும் வரை, நான்கு மாதமும் பத்து நாளும், தென்காசியில் தன் வீட்டைப் பூட்டிவிட்டு இங்கேயே இருப்பதாகச் சொல்லிவிட்டார். கடைக்குப் போவது, சின்னவள் ஹனாவைப் பள்ளிக்கூடத்தில் விடுவது எல்லாம் அவர்தான். இத்தா முடியும் வரை புருஷனை இழந்தவள் வெளியே போகக்கூடாது; நான் வாசலைத் தாண்டுவதில்லை.

பார்க்க வருகிறவர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். நானும் ஒரே பதிலைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை, எனக்குத் திருநெல்வேலியில் தபால்வழிப் படிப்பு வகுப்பு, போன் பையில் இருந்தது, மத்தியானம் ஒரு மணிக்குத்தான் பார்த்தேன். காலையில் நன்றாகத்தான் இருந்தார்.

அன்று பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோவில் போனேன். வழக்கமாக அவர்தான் பைக்கில் கொண்டுபோய் விடுவார்.

பிப்ரவரி 14, வியாழன்

மூத்தவள் தஸ்னீம் என்னிடம் பேசுவதில்லை. சண்டை போட்டுக்கொண்டு பேசாமல் இருப்பது மாதிரியும் இல்லை. கேட்டால் பதில் சொல்கிறாள். "சாப்பிட்டியா?" "ம்." "பரீட்சை எப்ப?" "மார்ச்." தங்கச்சிக்குத் தலை பின்னிவிடுகிறாள், தண்ணீர் பிடித்து வைக்கிறாள், தொழுகிறாள். பதின்மூன்று வயதுப் பிள்ளை இப்படிச் சத்தமே இல்லாமல் வீட்டில் நடமாடுவது பார்க்க முடியவில்லை.

அன்றைக்கு வீட்டில் அவரோடு இருந்தது அவளும் ஹனாவும்தான். என்மேல் கோபம். நியாயமான கோபம்.

பிப்ரவரி 24, ஞாயிறு

இன்று வகுப்பு நாள். என்னோடு படிக்கும் சங்கரன்கோவில் அனுசுயா நோட்ஸைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். திறந்து பார்க்கவில்லை. மதியம் உளுந்து களைந்து காயப்போட்டேன்.

மார்ச் 8, வெள்ளி

என் கூடப்பிறந்த மீரான் அண்ணன் ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்தான். அவருடைய பட்டறையில் பழுதுபார்க்க வந்து பாதியில் நின்ற மோட்டார்களை எல்லாம் உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னான். ஒரு பம்புசெட் மோட்டாருக்கு மட்டும் முழுக்கக் காயில் கட்டி முடித்து, பெயர்ச் சீட்டும் ஒட்டி வைத்திருந்தாராம். அந்த ஆள் வாங்கிக்கொண்டு போகும்போது அழுதுவிட்டாராம்.

அண்ணன் போனபிறகு என் போனில் அந்த நாளின் பட்டியலைப் பார்த்தேன். இத்தனை நாள் பார்க்காமல் வைத்திருந்தேன். வீட்டிலிருந்து பதினான்கு அழைப்புகள். முதல் அழைப்பு 11.38. கடைசி அழைப்பு 12.20.

ஹனா என்னவோ சொல்கிறாள் என்று மதினி சொன்னார். வாப்பா பத்து மணிக்கே படுத்துவிட்டார்களாம், அக்கா விசிறினாளாம். ஹனாவுக்கு ஆறு வயது. மணி பார்க்கத் தெரியாது.

மார்ச் 31, ஞாயிறு

தேர்வுத் தேதி வந்துவிட்டது. மே 18, 19, 25, 26. நான்கு தாள்கள். மூன்றாம் வருடம், கடைசித் தேர்வு. இவற்றை எழுதிவிட்டால் பி.ஏ. வரலாறு முடிந்துவிடும். டிசம்பரிலேயே விண்ணப்பம் போட்டாயிற்று. அவர்தான் தபால் ஆபீசுக்குப் போய் அனுப்பிவிட்டு வந்தார்.

என் இத்தா முடிவது ஜூன் 4. காலண்டரில் மூன்று தடவை எண்ணிப் பார்த்தேன். ஒன்பது நாள் வித்தியாசம்.

பெட்டியிலிருந்து புத்தகங்களை எடுத்து மேலே வைத்தேன். பிறகு மதினி பார்ப்பாரே என்று மறுபடி உள்ளே வைத்தேன்.

ஏப்ரல் 12, வெள்ளி

மதினியிடம் சொல்லிவிட்டேன். அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"மதினி, மே மாசம் எனக்குப் பரீட்சை வருது."

"வந்தா?"

"நாலு நாளுதான். மீரான் அண்ணன் வேன்ல போயிட்டு சாயங்காலத்துக்குள்ள வந்திருவேன்."

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. தண்டை ஒடித்துக்கொண்டே பேசினார்.

"எங்க வீட்டுக்காரவுக போகும்போது எனக்கு இருபத்து மூணு வயசு. வாசப்படி மிதிக்கல சபூரா. கொல்லையில கொடி கட்டினா அடுத்த வீட்டு மாடி தெரியும்னு துணியக்கூட உள்ள காயப்போட்டேன். யாரும் கட்டாயப்படுத்தல. அவுகளுக்காக இருக்கணும்னு இருந்தேன்."

"நானும் இருக்கத்தான செய்யிறேன் மதினி."

"என் தம்பிய நான் இடுப்புல தூக்கி வளத்தேன். எங்க உம்மா போனப்ப அவனுக்கு நாலு வயசு. நாலு மாசம் பத்து நாள் அவனுக்குக் குடுக்க முடியலையா உனக்கு?"

கீரையைக் கழுவ எடுத்துக்கொண்டு போனேன். அவர் கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். அழுதுகொண்டே கேட்டார்.

ஏப்ரல் 28, ஞாயிறு

அண்ணன் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டுவிட்டு வந்தான். மதினியும் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டார்.

"தேவைன்னா பகல்ல போகலாம், ராத்திரி வீட்ல தங்கிறணும்னு சொன்னாங்க" என்றான்.

"பரீட்சை தேவையாமா?" என்று மதினி கேட்டார்.

"அதையும் கேட்டேன் மதினி. 'அது தேவையா இல்லையான்னு நான் எப்படிச் சொல்லுவேன்? அந்தப் பிள்ளைதான் அல்லாஹ்வுக்கு முன்னால சொல்லணும்'னுட்டாங்க."

மதினி உள்ளே போய்விட்டார். கூடாது என்று ஹஜ்ரத் ஒரே வார்த்தையில் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மே 3, வெள்ளி

டிசம்பரிலும் தேர்வு உண்டு. அப்போது எழுதினால் ஆறு மாதம்தான் தள்ளிப்போகும். அப்படிப் பார்த்தால் இது தேவை இல்லை.

ஆனால் மதியம் லுஹர் தொழுதுவிட்டுப் புத்தகத்தைத் திறந்தால் சாயங்காலத் தொழுகை அஸர் வரைக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வருவதில்லை. ஒரு நாளில் அந்த இரண்டு மணி நேரம்தான் எனக்கு மூச்சு விட முடிகிறது. இதைத் தேவை என்று சொல்லலாமா? பதினெட்டு வயதில் கல்யாணத்துக்காகக் கல்லூரியைப் பாதியில் விட்டேன். "விட்டத முடிச்சிரு" என்று முப்பது வயதில் படிவத்தை வாங்கிவந்து நிரப்பியவர் அவர். அதையாவது சொல்லலாமா?

எது தேவை, எது தேவையில்லை என்று முன்பும் ஒரு தடவை நானே முடிவு செய்தேன். அதனால்தான் பயமாக இருக்கிறது.

துஆவில் எல்லாம் கேட்கிறேன். அவருடைய கப்ரை விசாலமாக்கு, பிள்ளைகளைக் காப்பாற்று, எல்லாம் கேட்கிறேன். மன்னித்துவிடு என்றும் கேட்கிறேன். எதற்கு என்று மட்டும் சொல்வதில்லை. அவனுக்குத் தெரியும்.

மே 7, செவ்வாய்

முதல் நோன்பு. ஹனா பத்து மணி வரை பிடித்தாள். நோன்புக் கஞ்சி அவர் வாங்கிவரும் தூக்குவாளியில்தான் இன்றும் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிக் கொடுத்தார்.

போக முடிவு செய்துவிட்டேன். மதினியிடம் சொன்னேன். "உன் இஷ்டம்" என்றார்.

மே 18, சனி

ஆறரைக்குக் கிளம்பினோம். நூற்றுப் பத்து நாட்களுக்குப் பிறகு தெரு. வேன் கண்ணாடித் திரையை இழுத்து விட்டுக்கொண்டேன். ஆலங்குளம் வரை படிக்க முடியவில்லை. காற்றாலைகளையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

தேர்வு அறைக்குள் போகும்முன் பையையும் போனையும் வெளியே மேசையில் வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். திரும்பி வந்து போனை எடுத்து அறைக்குள் சுவரோரமாக, எனக்குத் தெரிகிற இடத்தில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். மேற்பார்வைக்கு நின்ற அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். கூடாது என்றார்.

கேள்விகள் தெரிந்தவைதான். மூன்று மணி நேரமும் எழுதினேன். கை வலித்தது. வலிப்பது நன்றாக இருந்தது.

நான்கு மணிக்கு வீட்டுக்கு வந்துவிட்டேன். தஸ்னீம் நடையில் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போனாள். காலை ஏழு மணியிலிருந்து அங்கேயேதான் இருந்தாளாம். தொழுவதற்கு மட்டும் எழுந்தாளாம். இதை மதினிதான் கோபம் மாதிரி சொன்னார். எனக்கு உறைக்கவேண்டும் என்று சொன்னார்.

மே 19, ஞாயிறு

இரண்டாவது தாளும் எழுதினேன். வந்தால் தஸ்னீமுக்கு வாந்தி. நோன்பை விட வைத்திருந்தார் மதினி. உடம்பு சுடவில்லை. "வெயிலு" என்றாள். அவள் வெயிலுக்கே போகவில்லை.

"அக்கா உன் நம்பரப் போட்டுப் போட்டு அழிச்சா" என்று ஹனா சொன்னாள்.

மே 25, சனி

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

வேன் வந்து நின்றது. புர்காவைப் போட்டுக்கொண்டு நடைக்கு வந்தேன். தஸ்னீம் கதவில் சாய்ந்து நின்றாள். தள்ளிக்கோ என்று தோளைத் தொட்டேன். அவள் என் புர்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். நான்கு மாதத்தில் அவளாக என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"என்னம்மா?"

"நான் ஒன்னு சொல்லணும். போகாத."

அண்ணன் வெளியே ஹாரன் அடித்தான். நான் உட்கார்ந்தேன். அவளும் தரையில் உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் கதவின் கீல்களைப் பார்த்தே சொன்னாள்.

"வாப்பாக்குப் பத்து மணிக்கே நெஞ்சு வலிச்சிட்டு. கட்டில்ல படுத்துட்டாங்க. உம்மாக்குப் போன் போடட்டான்னு கேட்டேன். 'போடாத புள்ள, கிளாஸ்ல இருப்பா, பதறிப்போயிருவா, கொஞ்சத்துல சரியாயிரும்'னாங்க. நான் போடல."

"சரிம்மா."

"சரியில்லம்மா. கேளு. சுடுதண்ணி குடுத்தேன். விசிறினேன். அப்புறம் பேச்சு குழறிட்டு. அப்பத்தான் உனக்குப் போட்டேன். நீ எடுக்கல. திரும்பப் போட்டேன். பக்கத்து வீட்டுக்குப் போகணும்னு எனக்குத் தோணவே இல்லம்மா. நீ எடுத்திருவ, எடுத்திருவன்னே போட்டுக்கிட்டு இருந்தேன். ஹனா அழுதுட்டே தெருவுக்கு ஓடினா. அப்புறந்தான் பக்கத்து வீட்டுக்காரங்க வந்தாங்க. நான் முதல்லயே ஓடிருந்தா வாப்பா இருந்திருப்பாங்கல்ல?"

நான்கு மாதமாக அவள் இதைத் தனியாகச் சுமந்திருக்கிறாள். நான் அதை என்மேல் கோபம் என்று நினைத்து, அதில் ஒரு நியாயமும் கண்டுபிடித்து, அவளிடம் போகாமலே இருந்திருக்கிறேன்.

இல்லை என்று சொன்னேன். அல்லாஹ் குறித்த நேரம் என்று சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். கேட்கவில்லை என்பது தெரிந்தது. எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். நானும் அதைத்தான் எனக்குச் சொல்லிப் பார்த்தேன். உண்மைதான் அது. ஆனால் அதற்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டு சொன்னால் பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது.

அதனால் சொன்னேன்.

"தஸ்னீம், வாப்பாக்குப் பத்து மணிக்கு வலிக்கல. அஞ்சரைக்கே வலிச்சிது. எங்கிட்ட சொன்னாங்க. நெஞ்சு கனமா இருக்கு, நேத்து பட்டறையில மோட்டார் தூக்கினதுன்னு. ஓமத்தண்ணி வச்சுக் குடுத்தேன். 'வாயுதான், நீ போ, பஸ் போயிரும்'னாங்க. மூஞ்சி வேர்த்திருந்திச்சு. பாத்தேன். பாத்துட்டுத்தான் போனேன். அன்னைக்குப் போகலைன்னா வருகை குறையும், பரீட்சை எழுத விடமாட்டாங்க. அது ஒன்னுதான் மனசுல இருந்திச்சு. நீ பதிமூணு வயசுப் பிள்ள. உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியணும்."

அவள் அப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். கட்டிப்பிடித்துக்கொண்டு அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"எங்கிட்ட சொல்லிருக்கலாம்ல" என்றாள்.

"சொல்லிருக்கணும்."

"காலையிலயே தெரியும்னா நான் உடனே ஓடிருப்பேன்லம்மா."

புர்காவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன்.

அண்ணன் உள்ளே வந்து, மணி எட்டாகப் போகிறது என்றான். பிறகு எங்களைப் பார்த்துவிட்டு வெளியே போனான். கொஞ்ச நேரத்தில் வேனைத் திருப்புகிற சத்தம் கேட்டது. தஸ்னீம் அதற்குப் பிறகுதான் அழுதாள். என் மடியில் இல்லை. பக்கத்தில், தோள் பட்டும் படாமலும் உட்கார்ந்து. அது போதும் என்று இருந்தேன்.

எழுந்து உள்ளே போனபோது மதினி அடுப்படி வாசலில் நின்றார். எல்லாம் கேட்டிருக்கிறார்.

"காலையில நல்லாத்தான் இருந்தான்னு சொன்னியே" என்றார். "எத்தன பேருகிட்ட சொன்ன. எங்கிட்ட சொன்ன. மையத்த நடுவீட்டுல வச்சுக்கிட்டு சொன்ன."

"மதினி..."

அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டார். நோன்பு திறக்கும்போது எனக்கும் பேரீச்சம்பழம் வைத்திருந்தார்.

மே 26, ஞாயிறு

கடைசித் தாள். போவதில்லை என்றுதான் இருந்தேன். தஸ்னீமே கிளம்பி வந்து நின்றாள்.

"நானும் வாரேன். வெளிய இருக்கேன்."

"நோன்பு வச்சுக்கிட்டு வெயில்ல எப்படிம்மா?"

"மரம் இருக்கும்ல?"

மரம் இருந்தது. வேப்பமரம். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் அவள் தலையில் போட்டிருந்த தட்டத்தின் ஓரம் மட்டும் தெரிந்தது. இரண்டரை மணி நேரம் எழுதினேன். கடைசிக் கேள்விக்கு நேரம் இருந்தும் எழுதாமல் கொடுத்துவிட்டு வந்தேன்.

"முடிஞ்சிட்டா?" என்றாள்.

"முடிஞ்சிட்டு."

திரும்பும்போது வேனில் தூங்கிவிட்டாள். ஆலங்குளத்தில் வேகத்தடை வந்தபோது தலை என் தோளில் சாய்ந்தது. அசையாமல் வந்தேன்.

ஜூன் 4, செவ்வாய்

இத்தா முடிந்தது. குளித்தேன். இரண்டு ரக்அத் தொழுதேன். இன்று முதல்முறையாக எதற்கு என்று வாய்விட்டுச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். நேரம் பிடித்தது. மனம் லேசாகிவிட்டது என்றெல்லாம் எழுத மாட்டேன்.

மதினி நேற்றே பையைக் கட்டி வைத்திருந்தார். சொன்ன வார்த்தைக்கு நான்கு மாதம் பத்து நாளும் இருந்தார். பத்து நாளாக என்னோடு பேசாமலே எனக்கும் சேர்த்துச் சமைத்தார். பெருநாள் முடிந்து போகலாமே என்று அண்ணன் கேட்டதற்குத் தலையை மட்டும் அசைத்தார்.

வாசலில் பிள்ளைகளைக் கன்னத்தில் முத்தினார். என்னைப் பார்த்து, "பிள்ளைங்களப் பாத்துக்க" என்றார். பிறகு நின்று, "உன்ன வெறுக்கல சபூரா. ஆனா என்னால இந்த வீட்ல இருக்க முடியல" என்றார்.

தெரு முனை வரை கூடப் போனேன். இப்போது போகலாம். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பிறை தெரிந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். நாளைக்குப் பெருநாள்.

ஜூன் 5, புதன்

ஹனா புதுச்சட்டை போட்டாள். தஸ்னீம் போடவில்லை, வற்புறுத்தவில்லை. வட்டிலாப்பம் செய்தேன். அவருக்கு எடுத்து வைக்கும் கிண்ணத்தை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தேன்.

ஆகஸ்ட் 17, சனி

ரிசல்ட் வந்துவிட்டது. தஸ்னீம்தான் போனில் பார்த்தாள். மூன்று தாளில் தேர்ச்சி. டிசம்பரில் மிச்சம் ஒன்றை எழுதவேண்டும். விண்ணப்பம் செப்டம்பரில் தருவார்களாம். அனுசுயா வாங்கி அனுப்புகிறேன் என்றிருக்கிறாள்.

மதினி ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் வரவில்லை. பிள்ளைகளிடம் போனில் பேசினார். "உம்மா இருக்கா, குடுக்கட்டா?" என்று தஸ்னீம் கேட்டபோது ஏதோ வேலை என்று வைத்துவிட்டார்.

ஹனா போனை வாங்கி மதிப்பெண்களை ஒவ்வொன்றாக விரல் வைத்து வாசித்தாள். மூன்றாவது வரியில் விரல் நின்றது.

"இதுல மட்டும் ஏன் நம்பர் இல்ல? ஏ.பி.ன்னு போட்டிருக்கு?"

"ஆப்சென்ட்டுன்னு அர்த்தம்" என்றாள் தஸ்னீம். "உம்மா அன்னைக்குப் போகல."

"எங்க இருந்தா?"

தஸ்னீம் என்னைப் பார்த்தாள். பிறகு தங்கச்சியைப் பார்த்துச் சொன்னாள்.

"வீட்டுலதான் இருந்தா."

அவர் போன அந்த ஜனவரி இருபத்தேழாம் தேதி வகுப்புக்கு நான் வந்ததாகத்தான் பதிவேட்டில் இருக்கும். கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.